பூக்காத ஹைட்ரேஞ்சியா: விட்டுப்பிடிப்பதா, போர்த்துவதா, இடம் மாற்றுவதா, செடியையே மாற்றுவதா?

ஹைட்ரேஞ்சியா என்ற பூப்புதரை வளர்ப்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது: செடி இடுப்பளவு வளர்ந்துவிட்டது, இலை கையகலம், பச்சை கண்ணைப் பறிக்கிறது, பூ மட்டும் ஒன்றுகூட இல்லை. கையோடு அடுத்த கேள்வியும் வந்துவிடும்: என்ன உரம் போடலாம்?

உரப் பேச்சைக் கொஞ்சம் தள்ளி வைப்போம். பூக்காத செடியை வைத்திருப்பவருக்கு முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. கத்திரியை உள்ளே வைத்துவிட்டு ஒரு வருடம் செடியை அதன் போக்கில் விடலாம். குளிர்காலத்தில் போர்த்திக் காப்பாற்றலாம். வேறு இடத்தில் பெயர்த்து நடலாம். அல்லது இந்தச் செடியோடு மல்லுக்கட்டுவதை நிறுத்திவிட்டு வேறு இனத்துக்குப் போகலாம். உரம் ஐந்தாவது, அதுவும் பெரும்பாலும் தேவைப்படாத ஐந்தாவது. நான்கில் எது உங்களுக்கு என்று முடிவு செய்ய இரண்டு விஷயம் தெரிந்தால் போதும்: செடி எந்த இனம், வசந்தத்தில் அதன் தண்டு எந்த நிலையில் இருக்கிறது.

பழைய தண்டா, புதுத் தளிரா

பந்து பந்தாக நீலத்திலும் இளஞ்சிவப்பிலும் பூக்கிற, எல்லோருக்கும் தெரிந்த ஹைட்ரேஞ்சியாவின் பெயர் மேக்ரோஃபில்லா. ஜப்பானிலிருந்து வந்த இனம். இந்த வருடம் இதில் பார்க்கும் பூ போன வருடமே உருவானது. கோடை முடிந்து பகல் குறுகி, வெப்பம் ஏறக்குறைய 18 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கத் தொடங்கும்போது, ஒவ்வொரு தண்டின் நுனி மொட்டுக்குள்ளும் அடுத்த வருடப் பூ கருக்கொள்ளும். அது முழுதாக உருவாகவே ஆறேழு வாரம் பிடிக்கும். அப்புறம் இலை உதிர்ந்துவிடும்; குளிர்காலம் முழுக்க அந்தப் பூ ஒரு மொட்டைக் குச்சியின் நுனியில் தூங்கும்.

அதாவது இலையுதிர் காலத்தில் தொடங்கி அடுத்த கோடை வரை, வருடத்தில் முக்கால்வாசி நாள், பூ அந்தக் குச்சியை நம்பி இருக்கிறது. அதற்குள் யாராவது குச்சியை வெட்டினாலும், பனி கருக்கினாலும், மான் கடித்தாலும் அந்த வருடப் பூ போச்சு. ஆனால் வேர் சாகாது. அடியிலிருந்து புதுத் தளிர் விட்டு, செடி மளமளவென்று தழைத்துவிடும். "செடி நன்றாகத்தானே இருக்கிறது" என்று எல்லோரும் குழம்புவது இதனால்தான். செடிக்கு நோய் ஒன்றும் இல்லை. பூ மட்டும் ஏற்கெனவே தொலைந்துவிட்டது.

மலை ஹைட்ரேஞ்சியா எனப்படும் செர்ராட்டா, ஓக் இலை வடிவத்தில் இலை விடும் குவெர்சிஃபோலியா, சுவரில் ஏறும் கொடி ஹைட்ரேஞ்சியா எல்லாமே இப்படிப் பழைய தண்டில் பூக்கும் கூட்டம். கொடி வகைக்கு ஒரு தனிப் பிடிவாதம் உண்டு: நட்டுப் பல வருடம் கழித்துத்தான் பூக்கத் தொடங்கும். அதைக் குறை சொல்லிப் பயனில்லை.

எதிர்த் தரப்பில் இரண்டு இனங்கள். கூம்பு வடிவில் பூக்கும் பானிக்குலேட்டா, வெள்ளைப் பந்தாகப் பூக்கும் ஆர்போரெசென்ஸ். இவை வசந்தத்தில் விடும் புதுத் தளிரிலேயே மொட்டு வைத்து அதே கோடையில் பூத்துவிடும். குளிர்காலத்தில் எவ்வளவு வெட்டினாலும் பூ நிற்காது.

வாங்கும்போது வந்த பெயர்ச்சீட்டு தொலைந்துபோய், பூவும் இல்லாவிட்டால் இனத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? இலையைப் பாருங்கள். மேக்ரோஃபில்லாவின் இலை தடிமனாக, மினுமினுப்பாக, ஒரு கணுவில் இரண்டு இரண்டாக எதிரெதிரே இருக்கும். பானிக்குலேட்டாவில் இலை சற்றுச் சொரசொரப்பாக இருக்கும். பல கணுக்களில் மூன்று இலைகள் சுற்றி நிற்கும். ஆர்போரெசென்ஸின் இலை மெல்லிசு, பளபளப்பே இருக்காது. குவெர்சிஃபோலியாவை யாரும் தவறவிட முடியாது. பிளவுபட்ட இலை, உரிந்து தொங்கும் பட்டை.

தண்டைப் பார்க்கும் வேலை

வசந்தத்தில் மற்ற செடிகள் துளிர்க்கத் தொடங்கியதும் ஹைட்ரேஞ்சியா பக்கம் போய்க் குனிந்து பாருங்கள். பழைய தண்டின் பட்டையை நகத்தால் லேசாகக் கீறினால், உள்ளே பச்சையாக ஈரம் தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக உலர்ந்திருந்தால் அந்த இடம் செத்துவிட்டது. கொஞ்சம் கீழே இறங்கிக் கீறிப் பாருங்கள். நுனியில் பாதி செத்து அடிப்பாதி பிழைத்திருப்பதும் சகஜம். ஒன்றிரண்டு தண்டில் நம்பிக்கை இழந்து உடனே வெட்டிவிட வேண்டாம். சில தண்டுகள் மற்றவை இலை விட்ட பிறகுதான் மெதுவாகக் கண் திறக்கும்.

பழைய தண்டெல்லாம் காய்ந்து, மண்ணிலிருந்து மட்டும் புதுத் தளிர் வந்தால் குளிர் அடித்துவிட்டது என்று பொருள். பழைய தண்டு உயிரோடு இலை விட்டிருக்கிறது, ஆனாலும் பூ இல்லை என்றால் நுனியைக் கவனியுங்கள். நுனி கறுத்துச் சுருங்கியிருந்தால், மொட்டு வீங்கிய பிறகு வந்த பிந்திய உறைபனியின் வேலை அது. பூஜ்யத்துக்குக் கீழே இரண்டு மூன்று டிகிரி, ஒரே ஒரு இரவு, அவ்வளவே போதும். நுனி பிய்ந்து நார்நாராக இருந்தால் மான். சுத்தமான வெட்டாக இருந்தால் முயலாகவும் இருக்கலாம், கத்திரியாகவும் இருக்கலாம். முயலைக் குற்றம் சாட்டும் முன் வீட்டில் யார் கையில் கத்திரி இருந்தது என்று விசாரித்துக்கொள்வது நல்லது.

நுனி முழுதாக இருக்கிறது, தண்டும் உயிரோடு இருக்கிறது, பூ மட்டும் வரவில்லை. அப்போதுதான் நிழலையும் உரத்தையும் சந்தேகிக்க வேண்டும்.

கத்திரியை வைத்துவிட்டுக் காத்திருப்பது

செலவே இல்லாத வழி. பலன் தெரிய ஒரு வருடம் ஆகும், அதுதான் விலை. காரணம் வெட்டு என்று தெரிந்தால் வேறு எந்த வழியும் தேவையில்லை. வெட்டாமல் விட்டாலே அடுத்த வருடம் பூத்துவிடும்.

பெரும்பாலான மேக்ரோஃபில்லாக்கள் பூக்காமல் போவது அக்கறையால்தான். இலையுதிர் காலத்தில் தோட்டத்தை ஒழுங்கு செய்யும்போது ரோஜாவுக்குக் கவாத்து செய்த அதே கையோடு இதையும் உருண்டையாக வெட்டிவிடுவார்கள். வெட்டி எறிந்த குப்பையில்தான் அடுத்த வருடப் பூ அத்தனையும் இருக்கும். வெட்டியே ஆக வேண்டும் என்றால் பூ வாடிய உடனே, கோடை நடுவுக்குள் வெட்டி முடித்துவிட வேண்டும். அதற்குப் பிறகு செய்யக்கூடியது சொற்பம்தான். காய்ந்த பூந்தலையைக் குளிர்காலம் முழுக்கச் செடியிலேயே விட்டுவைத்தால் அடியில் இருக்கும் மொட்டுக்குக் கொஞ்சம் மறைப்பு கிடைக்கும். வசந்தத்தில் அந்தத் தலையை, அதற்குக் கீழே முதலில் கண்ணில் படும் கொழுத்த மொட்டு ஜோடிக்குச் சற்று மேலே கிள்ளி எடுத்தால் போதும். செடி நெருக்கமாகிவிட்டதா, மிகப் பழைய தண்டுகளில் ஒரு பங்கை மட்டும் அடியோடு எடுத்துவிட்டு மற்றதைத் தொடாதீர்கள்.

தோட்ட வேலைக்கு வேறு ஆள் வருகிறார் என்றால் இந்த விதியை அவரிடம் சொன்னால் மட்டும் போதாது. செடியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுங்கள்.

போர்த்துவது

குளிர் அடித்துத் தண்டு சாகிறது என்று தெரிந்தால் இது அடுத்த யோசனை. இங்கே பலர் செய்யும் வேலை பாதி வேலைதான். செடியின் அடியைச் சுற்றி இலையும் பட்டைத்தூளும் குவித்து மூடாக்கு போடுவார்கள். அது வேரைக் காக்கும், சரி. ஆனால் வேர் எப்படியும் பிழைக்கக்கூடியது. பூ இருப்பது நுனியில். நுனி வெளியே நீட்டிக்கொண்டிருக்க அடியை மட்டும் போர்த்தினால் அடுத்த வருடமும் இலைதான் கிடைக்கும்.

சரியாகச் செய்வதென்றால், இலை உதிர்ந்து குளிர் நிலைத்த பிறகு, செடியைச் சுற்றிக் கம்பி வலையால் ஒரு கூண்டு கட்டி, தண்டின் நுனியும் மூடும் அளவுக்கு உலர்ந்த இலையைக் கொட்டி நிரப்ப வேண்டும். கூண்டு செடியைவிட உயரமாக இருக்கட்டும், இலை நாளடைவில் அமுங்கி இறங்கும். பிளாஸ்டிக் தாளைத் தண்டில் நேரடியாகச் சுற்றுவது வேண்டாம். பகல் வெயிலில் உள்ளே சூடேறி, இரவில் உறைந்து, மொட்டு இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். வசந்தத்தில் ஒரே நாளில் எல்லாவற்றையும் பிரித்து எறியாமல், கொஞ்சம் கொஞ்சமாக இலையை எடுத்து, கடைசி உறைபனி தாண்டும் வரை ஒரு பழைய போர்வையைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்க வேண்டும். பனி வரும் இரவில் போர்த்தி, காலையில் எடுத்துவிட வேண்டும்.

படிக்கும்போதே தெரிந்திருக்கும், இது ஒருமுறை செய்து முடிக்கிற வேலை இல்லை. உங்கள் ஊரில் எப்போதாவது ஒரு கடுங்குளிர் வருடம் வந்து மொட்டைக் கருக்குகிறது என்றால், ஒன்றிரண்டு செடிக்கு இது தகும். வருடா வருடம் தண்டு அடியோடு சாகிறது என்றால், ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் கூண்டு கட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். செடி உங்களுக்கு வேலை பார்க்க வேண்டும், நீங்கள் அதற்கு இல்லை.

தொட்டிச் செடி மட்டும் விதிவிலக்கு. தொட்டியில் வேருக்கும் குளிர் ஏறும் என்பதால் வெளியே விட்டால் ஆபத்து அதிகம். ஆனால் தூக்கி நகர்த்தலாமே. இலை உதிர்ந்ததும், சூடுபடுத்தாத ஆனால் உறையாத ஒரு கொட்டகையில், பூஜ்யத்துக்கு மேலே சில டிகிரியில் வைத்து, மண் முழுக்கக் காயாத அளவுக்கு எப்போதாவது தண்ணீர் காட்டினால் மொட்டு பத்திரமாக இருக்கும். சூடான அறைக்குள் கொண்டுபோனால் கெட்டது. மொட்டு முழுமையாக விழிக்கச் சில வாரக் குளிர் அதற்கு வேண்டும்.

இடம் மாற்றுவது

மரத்தடியில் முழு நிழலில் இருக்கும் மேக்ரோஃபில்லா பச்சையாக, ஆரோக்கியமாக, பூவே இல்லாமல் வருடக்கணக்கில் வாழும். "நிழல் விரும்பி" என்ற பெயரை நம்பி இருட்டில் நட்டதன் விளைவு. அதற்குக் காலையில் மூன்று நான்கு மணி நேர வெயிலும் பிற்பகலில் நிழலும் வேண்டும். பானிக்குலேட்டா பூக்கவில்லை என்றால் ஏறக்குறைய எப்போதும் வெயில் பற்றாக்குறைதான் காரணம். அது ஆறு மணி நேரம் கேட்கும்.

காலை வெயில் என்ற இந்தப் பொதுவான அறிவுரையில் ஒரு சிக்கல் இருக்கிறது. வசந்தத்தில் உறைபனி அடிக்கும் ஊரில், உறைந்த மொட்டின் மேல் விடியற்காலை வெயில் சட்டென்று விழுந்தால் அது வேகமாக இளகி அதிகம் சேதப்படும். அந்த ஊர்களில் முழுக்கக் கிழக்கு பார்த்த திறந்த இடத்தைவிட, வெயில் சற்றுத் தாமதமாக வந்து சேரும் இடம் மேல். பனி தேங்கும் பள்ளமும், காற்று அறையும் மூலையும் கூடாது.

இலை இல்லாத காலத்தில், வேரோடு பெரிய மண்ணுருண்டையாகப் பெயர்த்து நடுங்கள். நட்ட வருடம் பூவை எதிர்பார்க்காதீர்கள். காரணம் நிழல்தான் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் இந்த வேலையில் இறங்கலாம். சில சமயம் செடியை நகர்த்துவதைவிட மேலே இருக்கும் இரண்டு கிளைகளைக் கழிப்பது சுலபம்.

செடியையே மாற்றுவது

இங்கேதான் உண்மையான தேர்வு இருக்கிறது. பலரும் தயங்குவதும் இங்கேதான்.

கடுங்குளிர் ஊருக்குப் பானிக்குலேட்டாவுக்கு ஈடு கிடையாது. மைனஸ் 35 டிகிரியை ஒட்டிய குளிரையும் தாங்கும், குளிர்காலக் கடைசியில் விருப்பம்போல் வெட்டலாம், அதே வருடம் பூக்கும். நெதர்லாந்தில் உருவான லைம்லைட் என்ற ரகம் எலுமிச்சைப் பச்சையில் தொடங்கி, வெளுத்து, இலையுதிர் காலத்தில் இளஞ்சிவப்பு ஏறும். இடம் கொடுக்க வேண்டும், இரண்டு மீட்டரைத் தாண்டிவிடும். குட்டை ரகங்களும் உண்டு. நிழல் கொஞ்சம் கூடுதலான இடத்துக்கு ஆர்போரெசென்ஸ். இதில் பிரபலமான அன்னாபெல், அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் அன்னா என்ற ஊர்ப் பக்கம் காட்டில் கண்டெடுத்த செடியிலிருந்து வந்தது. பூ தலையளவு பெரிசு. மழை பெய்தால் அந்தக் கனத்தில் தண்டு மண்ணில் சாய்ந்துவிடும். தரையோடு வெட்டாமல் முழங்கால் உயரத்துக்குப் பழைய தண்டை விட்டுவைத்தால் சாய்வது குறையும்.

அப்படியானால் எல்லோரும் இவற்றுக்கு மாறிவிடலாமே? நீலம் இல்லை. அதுதான் தடை. பானிக்குலேட்டாவிலும் ஆர்போரெசென்ஸிலும் வெள்ளை, பச்சை, இளஞ்சிவப்பு உண்டு, நீலம் கிடையாது. நீலம் மேக்ரோஃபில்லாவிலும் செர்ராட்டாவிலும்தான், அதுவும் மண் அமிலத்தன்மையோடு, பிஹெச் 5.5-க்குக் கீழே இருந்து, வேருக்கு அலுமினியம் கிடைத்தால்தான். எனவே செடியை மாற்றும் முன் உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டியது: பூ வேண்டுமா, நீலப் பூ வேண்டுமா? முதலாவது போதும் என்றால் மாற்றிவிடுங்கள், யோசிக்க ஒன்றுமில்லை. நீலம்தான் வேண்டும் என்றால் இன்னும் இரண்டு வாய்ப்பு இருக்கிறது.

ஒன்று செர்ராட்டா. பூ சிறிது, பெரும்பாலும் பந்தாக இல்லாமல் தட்டையான கொத்து, மொட்டு மேக்ரோஃபில்லாவைவிடச் சற்றுக் கூடுதலாகக் குளிர் தாங்கும். ஆடம்பரம் குறைவு என்று பலர் ஒதுக்குகிறார்கள். எனக்கு அதுவே பிடித்திருக்கிறது.

இன்னொன்று மறுபடி பூக்கும் மேக்ரோஃபில்லா ரகங்கள், பழைய தண்டிலும் புதுத் தளிரிலும் பூப்பவை. 1998-இல் மினசோட்டாவில் ஒரு நர்சரியின் வயலில் இப்படிப் பூத்துக்கொண்டிருந்த செடியைத் தாவரவியலாளர் மைக்கேல் டர் கவனித்தார். அது 2004-இல் எண்ட்லெஸ் சம்மர் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அதன் பிறகு இந்த மாதிரி ரகங்கள் நிறைய. நல்ல யோசனைதான், ஆனால் பெயரைக் கேட்டு வருடம் முழுக்கப் பூ என்று நினைத்துவிட வேண்டாம். பழைய தண்டு செத்தால் முதல் சுற்றுப் பூ போய்விடும். அடியிலிருந்து வரும் தளிர் வளர்ந்து, மொட்டு வைத்து, பூக்கக் கோடைக் கடைசி ஆகிவிடும். கோடை குறுகிய ஊரில் அதற்குள் குளிர் வந்துவிடலாம். தண்ணீரும் சத்தும் குறைந்தாலும் இரண்டாம் சுற்று நின்றுபோகும். வாடிய பூவை உடனுக்குடன் கிள்ளினால் அடுத்த தளிர் சீக்கிரம் வரும். மிதமான குளிர் ஊரில், எப்போதாவது மொட்டை இழப்பவருக்கு இது காப்பீடு. தண்டு வருடா வருடம் அடியோடு சாகும் ஊரில் இதற்குப் போட்ட காசும் கூண்டு கட்டிய உழைப்பும் ஒன்றுதான்.

பூத்த தொட்டியாகப் பரிசுக்குக் கொடுக்கும் ஹைட்ரேஞ்சியாவை மண்ணில் நட்டுவிட்டு ஏமாறுகிறவர்களும் உண்டு. கண்ணாடி வீட்டில் வெப்பத்தையும் குளிரையும் கணக்காகக் கொடுத்து, குறித்த வாரத்தில் பூக்க வைத்த செடி அது. அதன் ரகம் தொட்டிக்காகத் தேர்ந்தெடுத்தது, வெளிக்குளிருக்காக அல்ல. பிழைத்தால் லாபம்.

குளிர்காலமே இல்லாத வெப்பமான ஊர்களில் கதை தலைகீழ். அங்கே மொட்டு சாவதில்லை, உருவாவதே இல்லை. இரவு குளிராமல் மேக்ரோஃபில்லா மொட்டு வைக்காது, வைத்தாலும் ஓய்வுக் குளிர் கிடைக்காமல் அரைகுறையாக விரியும். பானிக்குலேட்டாவும் ஆர்போரெசென்ஸும் குளிர்கால ஓய்வுக்குப் பழகிய செடிகள் என்பதால் அவையும் தீர்வு இல்லை. பூத்த தொட்டியை வாங்கி, பூ இருக்கும் வரை வைத்து ரசிப்பதே அங்கே நேர்மையான வழி. மலைக்குளிர் இருக்கும் இடம் என்றால் வேறு பேச்சு.

கடைசியில், உரம்

தழைச்சத்து (நைட்ரஜன்) அதிகமானால் செடி இலையிலேயே எல்லாவற்றையும் செலவழிக்கும். பக்கத்துப் புல்வெளிக்குப் போட்ட உரம் தண்ணீரோடு கசிந்து வந்து வேரைத் தொட்டாலும் இதே கதைதான். நீங்கள் செடிக்கு எதுவும் போடவில்லை என்றாலும் அது சாப்பிட்டுக்கொண்டிருக்கும். பூக்க வைக்கும் என்று விற்கும் மணிச்சத்து (பாஸ்பரஸ்) மிகுந்த உரங்களும் எலும்புத்தூளும் இங்கே பெரிதாக உதவாது. பல தோட்ட மண்ணில் மணிச்சத்து ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது. நீலம் வேண்டுபவருக்கு அது கெடுதலும்கூட: மணிச்சத்து அலுமினியத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் நிறம் இளஞ்சிவப்புக்குச் சாயும். வசந்தத்தில் மக்கிய தொழு உரம் ஒரு கூடை, மேலே மூடாக்கு, கோடைக் கடைசியில் மொட்டு உருவாகும் வாரங்களில் மண் காயாமல் தண்ணீர். இதைத் தாண்டி ஏதாவது போடுவதென்றால் முதலில் மண்ணைச் சோதித்துவிட்டுப் போடுங்கள்.

மாற்றுவதென்று முடிவெடுத்தவர்களுக்கு ஒன்று. பழைய செடியைத் தோண்டி எறியும் முன், கோடைத் தொடக்கத்தில் பூவில்லாத இளந்தண்டாகப் பார்த்து, விரல் நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சில துண்டுகள் வெட்டி, கீழ் இலைகளைக் கிள்ளி, பெரிய மேல் இலையைப் பாதியாக நறுக்கி, ஈரமான மண்ணில் நிழலில் ஊன்றி வையுங்கள். ஹைட்ரேஞ்சியா சுலபமாக வேர் விடும். ஒரு மாத வாக்கில் பிடித்துக்கொள்ளும். உங்கள் ஊரில் மொட்டைக் காக்க முடியாத அதே ரகம், குளிர்காலம் மென்மையான ஊரில் இருக்கும் உறவினர் வீட்டில் போர்வையே இல்லாமல் பூக்கும்.